பார்க்காமல் எழுதிய ‘போதுமானது’

கண்ணுக்குப் புலப்படும் பெரியவற்றிலும் புலப்படாத சிறியவற்றிலும் ஒன்றுபோல் உள்நின்று ஒளிரும் குமரமலைப் பெருமானின் திருவடிகளை நெஞ்சில் இருத்துகிறேன். தன் பிழையைத் தானே பூசி மெழுகும் நாவை அவன் இன்று அடக்கியருள வேண்டும். வளர்பிறைச் சஷ்டியும் வெள்ளிக்கிழமையும் கூடிவந்த இந்த ஐப்பசி நன்னாளில், ஆய்வுக்கூடப் பணிக்குப் புதிதாய் வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

சென்ற வாரம் உங்களில் நால்வர் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். காய்ச்சலோடு வந்த ஒருவருக்குத் தட்டணு மிகக் குறைவாகக் காட்டியதாம். இயந்திரத்தில் கோளாறு இருக்கும் என்று இரண்டாம் முறை ஓட்டினீர்களாம். அப்போதும் அதே எண் வந்ததாம். “ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தீர்களா?” என்று கேட்டேன். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். “மெஷின்தான் ரெண்டு தடவ எண்ணிடுச்சே ஐயா” என்றார் ஒருவர். நான் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். வாயைத் திறந்தால் கடுஞ்சொல்தான் வந்திருக்கும். ஒரு வாரம் கழித்துக் கோபத்தில் பாதி தணிந்திருக்கிறது. மீதிப் பாதி உங்கள்மேல் அன்று. உங்கள் வயதில் உங்களைவிடக் கேடாக நடந்துகொண்ட ஒருவன்மேல். அவனைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

தட்டணு என்று இன்று சொல்கிறீர்கள். நாங்கள் பிளேட்லெட் என்றே சொன்னோம். சொன்னோமே ஒழிய மதிக்கவில்லை. சிவப்பணுவுக்கு நிறம் இருந்தது, வெள்ளணுவுக்கு வடிவம் இருந்தது. இதற்கோ சாயத்தூளிலிருந்து பிரித்தறிய முடியாத உருவம். காயம் பட்டால் இரத்தம் ஒழுகாமல் அடைக்கும் ஒட்டு என்ற அளவில் அதன் பெருமையை முடித்துவிட்டோம். கிருமி உள்ளே நுழைந்தால் எதிர்த்து நிற்பது வெள்ளணு என்று படித்தோம். ஆகவே வெள்ளணுவை எண்ணினோம். உற்சவ மூர்த்தியைச் சேவிக்க ஓடுகிறவன், பிரகாரத்தில் குனிந்து புல் செதுக்கிக்கொண்டிருக்கும் அடியாரைத் தாண்டிக்கொண்டு போவதில்லையா, அப்படித்தான் போனோம். அத்தனை திருப்பாட்டும் ஓதியவன், தொண்டர்தம் பெருமை பேசும் பாடல்களில் குரல் தழுதழுக்க நின்றவன், என் மேசைமேல் இருந்த தொண்டரைப் பார்க்கத் தவறினேன்.

அறந்தாங்கி சாலையில் அப்போது ஒரு தர்ம மருத்துவமனை இருந்தது. இன்று அது இல்லை, பெயரும் வேண்டாம். எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து பத்தாண்டுகள் கடந்திருக்கும். இருபது கட்டில், ஒரு பெண் மருத்துவர், இரண்டு நர்சுகள், ஆய்வுக்கூடத்துக்கு நான் ஒருவன். மருத்துவர் சென்னையில் படித்தவர், என்னைவிட மூன்று வயது இளையவர், நாக்கு மட்டும் என்னைவிட முப்பது வயது மூத்தது. வேலை செய்யும்போது நான் தேவாரம் முணுமுணுப்பதால் எனக்கு ‘ஓதுவார்’ என்று பெயர் வைத்தவர் அவரே.

மின்சாரம் அதன் விருப்பப்படி வந்து போகும். ஆகவே நுண்ணோக்கியின் அடிக்கண்ணாடியில் வெளிச்சத்தை வாங்கித்தான் பார்க்க வேண்டும். அந்தக் கட்டடத்தைக் கட்டிய புண்ணியவான்கள் ஆய்வுக்கூடத்துக்கு மேற்கே பார்த்த ஒற்றைச் சன்னலை வைத்திருந்தார்கள். நண்பகல் தாண்டாமல் நல்ல ஒளி கிட்டாது. மருத்துவருக்கோ அறிக்கை முற்பகலிலேயே வேண்டும். வெள்ளணு எண்ணுவதற்குப் பெரிய உருப்பெருக்கம் வேண்டியதில்லை என்பதால் இருக்கிற வெளிச்சத்தில் அதைச் செய்துவிடுவேன். தட்டணுவைப் பார்க்கத்தான் ஒளி போதாது.

அதற்கு நான் கண்ட வழியைக் கேளுங்கள். காலையில் வந்ததும் சாமி படத்துக்கு விளக்கேற்றி, ஒரு பதிகம் ஓதி முடித்து, அன்றைக்கு வேண்டிய படிவங்களை எடுத்துவைத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் கடைசி வரியை முத்துமுத்தான கையெழுத்தில் முன்கூட்டியே எழுதிவிடுவேன். ‘பிளேட்லெட்: போதுமானது.’ பிற்பகலில் ஒளி வந்ததும் கண்ணாடியைப் பார்த்து, மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பது எண்ணம். மூன்றாண்டுகளில் ஒருமுறையும் மாற்றவில்லை. மாற்றும்படி நேரவே இல்லை என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். நேர்ந்ததா இல்லையா என்பது பார்த்தவனுக்கல்லவா தெரியும்.

இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. எங்கள் கிணற்று நீர் உப்பு. சாயத்தைக் கழுவும்போது கண்ணாடியில் ஊதாத் துகள் படிந்துவிடும். இரத்தத் தேய்ப்பு மெலிந்து முடியும் ஓரத்தில், வால் முனையில்தான் அது அதிகம் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அந்த முனைப்பக்கம் போவதையே விட்டுவிட்டேன். நடுப்பகுதியைப் பார்ப்பது, முனையை அழுக்கு என்று தள்ளுவது. ஆராயாமல் வைத்துக்கொண்ட ஒரு முடிவு மூன்றாண்டு காலம் விதியாக உட்கார்ந்திருந்தது.

பங்குனி மாதம். ஊர்தோறும் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அழகம்மாள் என்ற பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். வயது இருபத்தைந்து இருக்கும். மூன்று நாளாய்க் கடுங்காய்ச்சல், உடம்பு தூக்கிப்போடும் நடுக்கம், கால்களிலும் முன்கைகளிலும் சிவப்புப் புள்ளிகள். உடன் வந்தவர்கள் இருவர். கணவன் சின்னையா, குடியானவர். அவருடைய தமக்கை பெரியாயி, வாயால் ஊரை ஆள்கிறவர்.

“காப்புக் கட்டின ஊருலேருந்து கெளப்பிக்கிட்டு வந்ததே தப்பு” என்று பெரியாயி வாசலிலேயே தொடங்கினார். “நார்த்தாமலையாளுக்குப் பூச்சொரிஞ்சு எட்டு நாளு ஆகல. ஆத்தா வந்து எறங்கியிருக்கா. இவன் என்னடான்னா ஆசுபத்திரிங்கிறான்.”

“காய்ச்சல் கொதிக்குதுக்கா. கைக்கொழந்தையப் பக்கத்து வீட்டுல போட்டுட்டு வந்திருக்கோம். சும்மா வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றியா?”

“வேப்பெலை போட்டுப் படுக்க வையிங்கிறேன். சும்மாவா வைக்கச் சொல்றேன்?”

மருத்துவர் பார்த்துவிட்டு இரத்தம் எடுக்கச் சொல்லி அனுப்பினார். நான் அழகம்மாளின் இடக்கை விரல் நுனியில் குத்தி, வேண்டிய துளிகளை எடுத்துக்கொண்டு, பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். பஞ்சு நனைந்தது. வேறு கொடுத்தேன். அதுவும் நனைந்தது. மூன்றாவது பஞ்சைக் கொடுக்கும்போது எனக்குச் சலிப்பு. “அழுத்திப் பிடிக்கத் தெரியாதாம்மா?” என்று கடிந்துகொண்டேன்.

“பிடிச்சுக்கிட்டுத்தான்யா இருக்கேன்” என்றாள் அவள், மூச்சு வாங்க.

அவள் உடம்பே என்னிடம் அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது. நான் பஞ்சு வீணாகிறதே என்று எரிச்சல்பட்டேன். வெள்ளணுவை எண்ணினேன், கூடுதலாக இல்லை. படிவத்தில் அந்த எண்ணை நிரப்பினேன். கடைசி வரிதான் ஏற்கெனவே அழகாக எழுதப்பட்டிருந்ததே. அனுப்பிவிட்டேன்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு மருத்துவர் என்ன செய்வார்? கிருமி இரத்தத்தில் புகுந்திருந்தால் வெள்ளணு ஏறியிருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, ஏறவில்லை. தட்டணு போதுமானது என்று ஒரு திருநீற்று நெற்றி எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆகவே இது அம்மை வகையாக இருக்கலாம், பொதுக் கட்டிலில் வைக்க முடியாது, பின்புறக் கொட்டகையில் தனியே வைக்கலாம் என்று குடும்பத்தாரிடம் சொன்னார். கொட்டகையில் கிடத்துவதற்கு வீட்டிலேயே கிடத்தலாமே என்றார் பெரியாயி. கொண்டுவந்த வண்டி திரும்பிப் போய்விட்டிருந்தது. ஐந்தரை மணி பஸ்ஸுக்குப் போவதென்று முடிவாயிற்று. அதுவரை பின் வராந்தாவில் பாய் விரித்து அழகம்மாளைப் படுக்கவைத்தார்கள்.

மூன்று மணிக்கு மருத்துவர் ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார். அவர் நாற்காலியில் உட்காரவில்லை என்றால் ஏதோ வரப்போகிறது என்று பொருள். உட்காரவில்லை.

“ஓதுவாரே, அந்தப் பொண்ணு காலுல இருக்கிற புள்ளிமேல கண்ணாடிய வச்சு அழுத்திப் பார்த்தேன். வெளுக்கலை. தோலுக்கு அடியில ரத்தம் கசிஞ்சிருக்கு. பிளேட்லெட் எப்படி?”

“எழுதியிருக்கேனே டாக்டர்.”

“எழுதினதைப் படிச்சுட்டேன். பார்த்தீங்களா?”

“அது எப்பவும் போதுமானதாத்தான் இருக்கும்.”

“எப்பவும் இருக்கும்னா நீங்க எதுக்கு, இந்த மைக்ராஸ்கோப் எதுக்கு? அச்சாபீசுல குடுத்து ஆயிரம் படிவம் அடிச்சு வச்சுக்கிறேன். சம்பளமாவது மிஞ்சும்.”

நியாயமாக வெட்கப்பட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், கோபம்தான் வந்தது. மேற்குச் சன்னலின்மேல், உப்புக் கிணற்றின்மேல், முற்பகலில் அறிக்கை கேட்கும் அவர்மேல். பிழை செய்தவனுக்கு முதலில் கண்ணில் படுகிறவர்கள் எப்போதும் மற்றவர்களே. அந்தக் கோபத்தோடேயே அழகம்மாளின் கண்ணாடியை எடுத்து வைத்து, ஒளியை வாங்கிக் குனிந்தேன்.

நடுப்பகுதியில் தட்டணுவைக் காணோம். ஓர் இடம் நகர்த்தினேன்; இல்லை. பத்து இடம் நகர்த்தினேன். ஒன்றோ இரண்டோ, வழி தவறி வந்தவைபோல. சாயம் ஏறவில்லை என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். வெள்ளணுக்கள் நன்றாகச் சாயம் ஏறி நின்றன. வேறு போக்கில்லாமல், மூன்றாண்டுகளாய் நான் போகாத வால் முனைக்குக் கண்ணாடியை நகர்த்தினேன்.

அங்கே கூட்டம் கூட்டமாய் இருந்தன. நான் அழுக்கு என்று தள்ளிய ஊதாத் திரள்கள். ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, எதையோ நடுவில் வைத்து மொய்த்திருந்தன. இரண்டு திரள்களின் நடுவில் மிகச் சிறிய உருண்டைகள், திராட்சைக் கொத்துப்போல, ஒரே அளவில்.

மருத்துவரும் குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

“குறைஞ்சிருக்கிறது மட்டும் போதாது” என்றார். “ரத்தம் கசியிற அம்மையிலயும் இது குறையும். இந்தத் திரளுக்கு நடுவுல இருக்கிறது கிருமியா, உங்க கெணத்துத் தண்ணியா?”

“தெரியலை.”

அவரிடம் அதுவரை நான் உச்சரிக்காத சொல் அது. மூன்றாண்டுகளில் நான் கொடுத்த அறிக்கைகளுக்குள் நம்பத்தக்கதும் அதுவே என்று நினைக்கிறேன்.

“கிருமின்னா அது எங்கேயிருந்து வருதோ அங்க கத்தி வைக்கணும், பென்சிலின் போடணும். கசியிற அம்மையில கத்தி வச்சேன்னா ரத்தம் நிக்காமலே போயிடுவா. நீங்க சொல்ற வார்த்தைலதான் இருக்கு. எப்பச் சொல்லுவீங்க?”

புதுத் துளி இரத்தம் வேண்டும், சுத்தமான நீர் வேண்டும், வெளிச்சம் போவதற்குள் வேண்டும் என்றேன். ஊசிமருந்து கலக்கும் நீர்க்குப்பிகளை மூத்த நர்சு எடுத்துவந்தார். துளிக்காக நான் பின் வராந்தாவுக்குப் போனேன்.

பெரியாயி மூட்டையைக் கட்டி முடித்திருந்தார். அழகம்மாளின் தலைமாட்டில் வேப்பிலைக் கொத்து. அவள் கண் பாதி மூடியிருந்தது. நான் கையில் ஊசியோடு நிற்பதைப் பார்த்ததும் பெரியாயி எழுந்து குறுக்கே நின்றார்.

“அங்கிட்டே நில்லுங்க. காலையில குத்துனது தெரியாம நடந்துபோச்சு. ஆத்தா இருக்கிற ஒடம்புல இன்னொரு தரம் இரும்பு படக் கூடாது.”

“சும்மா ஒரு துளிதான்மா.”

“ஒங்க துளியும் வேணாம், ஒங்க ஆசுபத்திரியும் வேணாம். பஸ்ஸு வந்துரும்.”

சின்னையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “சாமி, டாக்டரம்மா படிச்சவுக, அவுக சொல்றது எனக்குப் புரியல. நீங்க நெத்தி நெறைய திருநீறு பூசியிருக்கீக. பொய் சொல்ல மாட்டீக. நீங்க சொல்லுங்க. இது ஆத்தாவா, இல்லையா? நீங்க சொன்னா நான் கேட்டுக்கிறேன்.”

இளையோரே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ‘ஆத்தா இல்லை’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த மனிதர் நம்பியிருப்பார். தமக்கையை மீறியிருப்பார். நல்ல நோக்கம்தானே என்று நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்துவிட்டது. ஆனால் அன்று காலையில் ‘போதுமானது’ என்று எழுதியதும் இதே கைதான், இதே நெற்றியின் மதிப்பில்தான் அது செலாவணியாயிற்று. பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லி ஒரு முறை அவளைக் கெடுத்தாயிற்று. மறுமுறையும் அதையே செய்து காப்பாற்றிவிடலாம் என்று எண்ணுவது எத்தனை பெரிய அகந்தை.

“ஆத்தாவா இல்லையான்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லைங்க” என்றேன். “ஒண்ணு சொல்றேன். காலையில நான் சரியாப் பாக்காம எழுதிக் குடுத்துட்டேன். அதை நம்பித்தான் டாக்டரம்மா அம்மையா இருக்கும்னு சொன்னாங்க. தப்பு எம்மேல. இப்பப் பாத்தேன். வேற மாதிரி தெரியுது. உறுதி பண்ணணும்.”

சின்னையா ஓரடி பின்வாங்கினார். பெரியாயி விடவில்லை.

“நல்லாருக்கு நாயம். பாக்காமயே எழுதுனவுக இப்ப பாத்துச் சொல்லப் போறீகளாக்கும். அப்ப எந்தக் கண்ணு, இப்ப எந்தக் கண்ணு?”

அந்த அம்மாள் கேட்டதில் ஓர் எழுத்துக்கூடத் தவறில்லை. நான் தலை குனிந்தேன். குனிந்த கண்ணில்தான் அது பட்டது.

அழகம்மாளின் இடக்கை பாய்மேல் கிடந்தது. விரலில் சுற்றியிருந்த பஞ்சு முழுவதும் சிவந்து, பாயின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் ஊறியிருந்தது. காலை ஒன்பதரைக்கு நான் குத்திய குத்து. ஊசி முனை அளவுப் புண். மணி மூன்றரை தாண்டியும் நிற்கவில்லை.

“அம்மா” என்று பெரியாயியிடம் சொன்னேன். “ஊசிய இந்தா வச்சுட்டேன். இரும்பு படாது. அந்தப் பஞ்சை நீங்களே எடுங்க. வர்ற ரத்தத்தை மட்டும் ஏந்திக்கிறேன்.”

அவர் சந்தேகமாய் என்னைப் பார்த்தார். குனிந்து பஞ்சை விலக்கினார். துளி திரண்டு நின்றது, இப்போதுதான் குத்தியதுபோல. பெரியாயியின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“என்னய்யா இது. இன்னுமா ஒழுகுது?”

“அதத்தான் நானும் காலையிலயே கேட்டிருக்கணும்.”

அழகம்மாளின் மணிக்கட்டைத் தாமே தூக்கிப் பிடித்துக்கொடுத்தார். இரண்டு கண்ணாடிகளில் துளியை ஏந்திக்கொண்டு ஓடினேன்.

ஒன்றுக்கு வழக்கமான சாயம், மற்றதற்குக் கிருமியைக் காட்டும் சாயம். நுட்பங்கள் உங்களுக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன். எந்தச் சன்னலைக் சற்றுமுன் சபித்தேனோ அதுவே அந்த மாலையில் எனக்குக் கிடைத்த ஒரே துணை. அதுவும் முழுதாய்க் கிடைக்கவில்லை. பங்குனியில் எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு காத்திருந்தேன். பின்னால் மருத்துவர் நிற்பது தெரிந்தது. “என்ன ஆச்சு” என்று அவர் ஒரு முறையும் கேட்கவில்லை. அவரைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய புகழுரை அது. நெருக்கடியில் ‘ஆச்சா, ஆச்சா’ என்று கேட்கிற மேலதிகாரியின் கீழ் எவனும் பாதியைப் பார்த்துவிட்டு முழுதையும் சொல்லிவிடுவான்.

மேகம் விலகியது. கண்ணாடி தெளிவாக இருந்தது; நடுவில் ஒரு துகள் அழுக்கில்லை. வால் முனையில் திரள்கள் அப்படியே இருந்தன. அவற்றின் நடுவில் அந்தக் கொத்துகளும் அப்படியே இருந்தன. மற்றச் சாயத்தில் கருநீல உருண்டைகளாய்ப் பளிச்சென்று தெரிந்தன. ஐயமே இல்லை.

“பிளேட்லெட் மிகவும் குறைவு” என்றேன். “இருக்கிறதும் கிருமியைச் சுத்தித் திரண்டிருக்கு. உருண்டைக் கிருமி, கொத்தாக. மூணு எடத்துல பாத்தேன். எங்கேயிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாது.”

“அது என் வேலை” என்று சொல்லிவிட்டு அவர் வராந்தாவுக்கு நடந்தார். நானும் பின்னே போனேன்.

உடம்பில் எங்கேனும் புண், சிரங்கு, கட்டி உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் சின்னையா. பாதம்வரை தடவிப் பார்த்துக்கொண்டே வந்த மருத்துவர் வலது குதிகாலை அழுத்தியபோது, அரை மயக்கத்தில் கிடந்த அழகம்மாள் காலை இழுத்துக்கொண்டு முனகினாள்.

“அது முள்ளு தச்ச எடம்” என்றார் பெரியாயி தயங்கி. “வேலியடைக்கப் போனப்ப கருவ முள்ளு ஏறிருச்சு. நான்தான் ஊக்குல நோண்டி எடுத்தேன். பத்து நாளாச்சு. ஆறிப்போச்சே.”

“மேல ஆறியிருக்கு” என்றார் மருத்துவர். “ஏம்மா காலையில சொல்லலை?”

“கேக்கலியே. காய்ச்சலுக்கும் முள்ளுக்கும் என்ன இருக்கு?”

மருத்துவர் அவரைத் திட்டவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பெரியாயிக்கு அந்தத் தொடர்பு தெரியாமல் போனது குற்றமன்று. தெரிந்துகொள்ளவென்றே சம்பளம் வாங்கியவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

பஸ் வந்து நின்று ஒலியெழுப்பியது. சின்னையா தமக்கையைப் பார்த்தார். பெரியாயி மூட்டையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

இரத்தம் நிற்காது என்று தெரிந்தே கத்தி வைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். சிறிய கீறல் ஒன்றே போட்டார், சீழ் பீறிட்டது. கால் மணி நேரம் தம் கட்டைவிரலாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பென்சிலின் மணிக்கணக்குத் தவறாமல் ஏறியது. மூன்று நாள் எந்தப் பக்கம் சாயும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டாம் நாள் அவளுக்கு மூக்கில் இரத்தம் கசிந்தது. அன்று நான் ஓதிய பதிகத்தில் எந்த அடியை விட்டேன், எதை இருமுறை சொன்னேன் என்று இன்றும் தெரியாது.

அந்த நாட்களில் ஒருமுறை மருத்துவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தமக்குத் தாமே பேசுவதுபோலக் கேட்டார். “ரத்தம் உறையறதுக்குன்னு இருக்கிறதா படிச்சோம். இதுங்க ஏன் கிருமிகிட்டப் போய் மொய்க்குது?” எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. இன்று உங்கள் பாடநூலில் விடை அச்சாகியிருக்கிறது. கிருமி இரத்தத்தில் புகுந்தால் முதலில் எட்டிப் பிடிப்பவற்றுள் தட்டணுவும் ஒன்று. கிருமியின்மேல் ஒட்டிக்கொள்கிறது, வளைத்துக்கொள்கிறது, தன்னுள் வைத்திருக்கும் நச்சுப்பொருளை அதன்மேல் கொட்டுகிறது, வெள்ளணுவை அழைக்கிறது, அந்தப் பணியிலேயே தான் செலவழிந்துபோகிறது. சில வேளை அளவு மீறித் திரண்டு, சிறு குழாய்களை அடைத்து, காக்க வந்ததே கேடும் செய்துவிடுகிறது. நீங்கள் இதையெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறீர்கள். பிறகு காய்ச்சல்காரர் ஒருவரின் எண்ணிக்கை சரிந்து காட்டும்போது, ‘இயந்திரக் கோளாறு’ என்று இரண்டாம் முறை ஓட்டுகிறீர்கள். உற்பத்தி குறைந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கே போய்ச் செலவாகிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கண்ணாடியின் ஓரம்வரை போய்ப் பாருங்கள். எண் உங்களுக்கு இயந்திரம் சொல்லும். போன இடத்தை அது சொல்லாது. இதை எத்தனை முறை சொல்வது என்று அலுப்பாகத்தான் இருக்கிறது. மறுமுறை வந்தாலும் சொல்வேன்.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. அவள் வந்த மறுநாள்முதலே நான் படிவத்தின் கடைசி வரியை வெறுமையாக விட்டுவைத்து, பிற்பகலில்தான் நிரப்பினேன். அறிக்கை தாமதமாகிறது என்று நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை மருத்துவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, “தாமதமாகும்னு எழுதிப் போடுங்க ஓதுவாரே, அதையாவது பார்த்துட்டு எழுதுங்க” என்றார்.

ஆறாம் நாள் அழகம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டிருந்தார்கள். நான் ஊசியோடு போய்த் தயங்கி நின்றேன். பெரியாயி என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேப்பிலைக் கொத்து இன்னும் தலைமாட்டில் இருந்தது. அதை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கச் சொல்லவில்லை.

“குத்தணுமாக்கும்?”

“நீங்க சரின்னா.”

அவர் அழகம்மாளின் கையை எடுத்து நீட்டினார். குத்தினேன். ஒரு பஞ்சை வைத்தார் பெரியாயி. நாங்கள் மூவரும் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிறிது நேரம் கழித்து அவரே மெல்ல விலக்கினார். இரத்தம் நின்றிருந்தது. அழகம்மாள் விரலைத் தானே திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

நான் கண்ணாடிகளை எடுத்துக்கொண்டு திரும்பியபோது பின்னாலிருந்து பெரியாயியின் குரல் வந்தது.

“ஐயா, நின்னுருச்சேன்னு அப்பிடியே எழுதிப்புடாதீக. போயிப் பாத்துட்டு எழுதுங்க.”

போய்ப் பார்த்தேன். மூன்று மணி வெயிலில், ஓரம்வரை பார்த்தேன். திரளாமல், தனித்தனியாய், வேண்டிய அளவுக்கு இருந்தன. பிறகே எழுதினேன்.

இதைப் படிப்போர் கண் தெளிவாகுக, கை அவசரப்படாதிருப்பதாக, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு நாவில் நிலைப்பதாக. உங்கள் கையால் ஒரு துளி கொடுத்த ஒவ்வொருவரும் நலத்தோடு தம் பிள்ளைகளிடம் வீடு திரும்புக. குமரமலைப் பெருமான் அனைவருக்கும் துணை நிற்பானாக.